இருபத்தொன்பதாம் நோன்பின் மாலை

காற்று மேற்கிலிருந்து அடித்தால் எங்கள் காலனியில் எல்லோருக்கும் நாக்கில் இரும்பு ருசி வந்துவிடும். பழைய காசு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவது போல இருக்கும், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் போகாது. நோன்பு மாதத்தில் மட்டும் நாலரை மணிக்குமேல் வேறொரு வாசனை வந்து அந்த ருசியைக் கொஞ்சம் மூடும். மதரசாவுக்குப் பின்னால் பெரிய அண்டாவில் பூண்டும் வெந்தயமும் போட்டுக் கொதிக்கிற கஞ்சியின் வாசனை. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். ஆனாலும் அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுத் தூக்குவாளியும் கஞ்சிக்காக மதரசா வாசலில் வரிசையில் நிற்கும், ஏனென்றால் நான் அங்கேதான் டியூஷன் படித்துக்கொண்டிருந்தேன்.

டியூஷன் எடுத்தவரை எல்லோரும் "அஜ்ரத்து" என்றார்கள். வாணியம்பாடிப் பக்கத்துக்காரர். ஏழு வருஷம் அரபி மதரசாவில் ஓதிப் பட்டம் வாங்கியவர். மனைவியையும் பெண்பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த எங்கள் பள்ளிவாசலில் தொழவைக்கவும், காலையில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கவும் வந்திருந்தார். வந்த வேலை அவ்வளவுதான். ஆனால் வந்த சில மாதத்திலேயே, மில்லில் அடிபட்ட ஒருவர் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் ஒரு பேப்பரில் கைநாட்டு வைத்துவிட்டு வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, மாலையில் மதரசா மாடியில் காலனிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். "அப்பன் கைநாட்டு வெச்சான், போவட்டும். புள்ளைங்க படிச்சுப் பாத்துட்டு வெக்கட்டும்" என்பார். எந்தக் கோயிலுக்குப் போகிற பிள்ளை என்று கேட்டதில்லை, எல்லோரும் அவருக்கு "பேட்டா"தான், பிள்ளைதான்.

நான் சிறுவயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. இதை எழுத உட்கார்ந்த பிறகே இரண்டு தடவை எழுந்துபோய் கேஸை மூடினேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். டியூஷனிலும் அப்படித்தான், கணக்கை முடித்த பிறகும் சிலேட்டை நீட்டமாட்டேன், மறுபடி கூட்டுவேன், மறுபடி கூட்டும்போது வேறு விடை வரும், அழித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் என் சிலேட்டை எட்டிப் பார்த்து, "எஸ்தரு, ரெண்டாவது வாட்டி பாத்தா கணக்கு மாறாது, நீதான் மாறுவே" என்பார். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

அவர் செய்த இன்னொரு காரியத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். என் அப்பாவை நாங்கள் "நைனா" என்று கூப்பிடுவோம். நைனாவும் அவருடைய கூட்டாளி காதர் மாமாவும் ஒரே கம்பி மில்லில் வேலை செய்தார்கள். அந்த மில்லில் பெருநாளுக்கு லீவு கிடையாது. ஒரு வருஷம் பெருநாளன்று சொல்லாமல் நின்ற ஒருவரை மறுநாள் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. அஜ்ரத்து அதற்காக மேனேஜரைப் போய்ப் பார்த்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்று. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ள வைத்தார். முஸ்லிம் ஆட்கள் பெருநாள் கொண்டாட, கிறிஸ்தவர்களும் இந்துக்களும் அவர்கள் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கிறிஸ்துமசுக்கும் பொங்கலுக்கும் முஸ்லிம் ஆட்கள் பதிலுக்குப் பார்ப்பார்கள். "மாத்து டூட்டி" என்று அதற்குப் பெயர். யாருக்குப் பதில் யார் என்று அஜ்ரத்தே பட்டியல் எழுதி மில்லில் ஷிஃப்ட் கணக்குப் பார்க்கிற "டைம் ஆபீசில்" கொடுப்பார். காதர் மாமாவுக்குப் பதில் எப்போதும் நைனாதான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கிறிஸ்துமஸ் எந்த நாள் என்று ஒரு வருஷம் முன்பே தெரியும். நோன்புப் பெருநாள் அப்படி இல்லை. இருபத்தொன்பதாம் நோன்பின் மாலையில் பிறை தெரிந்தால் நாளைக்கே பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு, நாளை மறுநாள் பெருநாள். டைம் ஆபீசுக்கோ பட்டியல் மாலை ஏழு மணிக்குள் போய்ச் சேரவேண்டும், ஒரு நாளுக்குத்தான் மாற்றித் தருவார்கள். பட்டணத்திலிருந்து பிறைச் செய்தி போனில் வர எட்டு, எட்டரை ஆகிவிடும். ஆகவே சூரியன் விழுந்த பிறகு இருக்கிற கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர்க் கண்களே பார்த்தாக வேண்டும். மேற்கே பார்த்தால் மில்லின் புகைக்கூண்டுதான் நிற்கும்.

நான் ஏழாவது படித்த அந்த வருஷம், இருபத்தொன்பதாம் நாள் மாலை, காற்று மேற்கிலிருந்துதான் அடித்தது. நோன்பு திறந்து, தொழுதுவிட்டு, ஆண்கள் எல்லோரும் மதரசா மாடிக்கு ஏறினார்கள். டியூஷன் பிள்ளைகளையும் யாரும் கீழே போகச் சொல்லவில்லை. புகை கூண்டிலிருந்து எழும்பி எங்கள் பக்கமாகவே சாய்ந்து, வானத்தில் பாதியை அழுக்குத் துணி போட்டது போல மறைத்திருந்தது. எல்லோரும் கூண்டுக்கு வலதுபுறம் தெளிவாக இருந்த இடத்தையே பார்த்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தைக் கவனிக்கிற முத்தவல்லி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அவர் மில்லுக்கு ஆள் அனுப்புகிற கான்டிராக்டரும்கூட. நாற்பது பேர் அவர் வழியாகத்தான் வேலைக்குப் போனார்கள், பட்டியல் தப்பானால் திட்டு அவருக்குத்தான் விழும்.

"மேனேஜர் மட்டும் ரெண்டு நிமிஷம் கூண்ட அணைச்சு வெச்சாருன்னா போதும், பொறைய நான் காட்றேன்" என்றார் காதர் மாமா.

"அணைச்சா உன் சம்பளமும் சேந்து அணையும்டா" என்றார் யாரோ. சிரித்தார்கள்.

நான் தண்ணீர்த் தொட்டியின் படியில் ஏறி நின்றிருந்தேன். புகை ஒரு இடத்தில் கிழிந்தது. கூண்டுக்கு இடதுபுறம், அந்தக் கிழிசலுக்குள், வெட்டிப்போட்ட நகத்துணுக்கு மாதிரி ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம். "தோ" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற காதர் மாமாவின் மகள் மும்தாஜ் உடனே, "எஸ்தரு பாத்துட்டா, எஸ்தரு பாத்துட்டா" என்று கத்தினாள். கீழே தெருவில் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கேயோ ஒரு பட்டாசும் வெடித்தது.

மாடியில் இருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"கொயந்த. அதுவும் நம்ம ஆளுங்க இல்ல. இது எப்டிங்க சாட்சி ஆவும்" என்றார் முத்தவல்லி.

"கண்ணுல இன்னா பாய் நம்ம கண்ணு, அவங்க கண்ணு" என்றார் காதர் மாமா.

அஜ்ரத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தொட்டிப் படியில் நின்ற என் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "சாட்சி வேணாம் பேட்டா. எந்தப் பக்கம்னு கைய மட்டும் நீட்டு. நாங்க பாத்துக்குறோம்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் கையைத் தூக்கியிருந்தால் நாற்பது ஜோடிக் கண்கள் அந்தக் கிழிசலைத் தேடியிருக்கும். ஆனால் அதற்குள் என் தலைக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. அது பிறை இல்லை, கிரேன் கம்பியில் பட்ட வெளிச்சமாக இருந்தால். நான் காட்டி, அவர்களும் பார்த்ததாக நினைத்து, இவ்வளவு பேரும் ஒரு நோன்பை விட்டுவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு. நைனா நாளைக்கே ரெண்டு ஷிஃப்ட் பார்க்கவேண்டி வந்தால். மறுபடி அந்தப் பக்கம் பார்த்தேன். புகை மூடிவிட்டிருந்தது.

"தெரியல அஜ்ரத்து" என்றேன்.

"பாத்தியா, பாக்கலியா?"

"தெரியல."

அவர் நிமிர்ந்தார். திட்டவில்லை. திரும்பி, பட்டியலின் தலைப்பில் நாளை மறுநாள் என்று எழுதி, தானே எடுத்துக்கொண்டு மில்லுக்கு நடந்தார்.

எட்டரை மணிக்கு போன் வந்தது. வேறு ஊர்களில் பிறை தெரிந்திருந்தது. நாளைக்கே பெருநாள்.

அஜ்ரத்தும் முத்தவல்லியும் நைனாவும் திரும்ப மில் கேட்டுக்கு ஓடினார்கள். டைம் ஆபீஸ் பூட்டியிருந்தது. நைனா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி வீசிவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "காதருக்குப் பதிலா நானே காத்தால வந்துட்றேன்னு கால்ல வுயாத கொறயா கேக்குறேன், வாட்ச்மேனு லிஸ்ட்ல நாளைக்குன்னு இல்லன்றான். பெரிய பேஜாரா பூட்ச்சு." நான் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியும் என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பெருநாள் காலையில் அந்த மில்லின் முஸ்லிம் ஆட்கள் எண்ணெய்ச் சட்டையோடு முதல் ஷிஃப்டுக்குப் போனார்கள். பள்ளிவாசலில் புதுச்சட்டை போட்டவர்கள் வந்து நிறைந்திருக்க, அஜ்ரத்து தொழவைக்கிற பொறுப்பை, பாங்கு சொல்கிற மோதினாரிடம் கொடுத்துவிட்டு, பாய்களைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினார். ஒருவர் ஒரே பெருநாள் தொழுகையை இரண்டு இடத்தில் நடத்தக்கூடாதாம். அதனால் ஒன்றைத்தான் அவர் எடுக்க முடியும் என்று காதர் மாமா பின்னால் எனக்கு விளக்கினார். முத்தவல்லி வாசலிலேயே மறித்தார். "பெருநாளும் அதுவுமா ஏறிப் பேசுற மிம்பர விட்டுட்டு எங்க போறீங்க? ஊரே வந்து குந்திக்கினு இருக்குது."

"தப்பா எழுதுனது நான். அவங்க எங்க இருக்காங்களோ அங்க போறேன்" என்றார் அஜ்ரத்து.

மீதிப் பாய்களை நைனா தூக்கிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன், ஏன் போனேன் என்று தெரியவில்லை, வீட்டில் இருக்க முடியவில்லை. பத்து மணி டீ நேரத்துக்குச் சங்கு ஊதியதும் அவர்கள் கேட்டுக்கு வெளியே வந்தார்கள். குழாயில் கைகால் கழுவினார்கள், கருப்பு போகவில்லை. லாரி நிற்கிற இடத்தில் பாய் விரித்து, இந்து ஆட்கள் இரண்டு பேர் லாரியை மறித்து நிற்க, பெருநாள் தொழுகை நடந்தது. முடிந்ததும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அஜ்ரத்தின் வெள்ளை ஜிப்பா முழுக்க நாற்பது பேரின் மில் கறை ஒட்டிக்கொண்டது. நான் சுவரோரம் நின்று அந்தக் கறைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மறுநாள், பட்டியலில் இருந்தபடியே நைனா போய் ரெண்டு ஷிஃப்ட் பார்த்தார். காதர் மாமா முடிந்துபோன பெருநாளுக்கு வீட்டில் லீவாக உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் பிரியாணியைச் சூடுபண்ணி எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் தொடவில்லை.

ஜமாஅத்துக் கூட்டத்தில் அஜ்ரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு குழந்தையிடம் கேட்டுக்கொண்டு நேரத்தை விட்டார் என்றார்கள், பெருநாளன்று பள்ளிவாசலை விட்டுப் போனார் என்றார்கள். அவர் தரப்பில் பேச ஆட்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்கெல்லாம் முத்தவல்லி வழியாகத்தான் வேலை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே அவர் ஊருக்குப் போய்விட்டார். போகும் அன்று டியூஷன் பிள்ளைகள் எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன்.

அடுத்து வந்தவர் நல்லவர்தான், ஓதிக்கொடுத்தார், தொழவைத்தார். மாடியில் டியூஷன் இல்லை. மறு வருஷம் எட்டாவதில் கணக்கில் போய்விட்டது; மறுபடி எழுத எனக்குத் தைரியம் வரவில்லை, வீட்டில் யாரும் வற்புறுத்தவும் இல்லை.

இப்போது அதே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறேன். நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கம்பி மில் கைமாறி, கூண்டை இடித்துவிட்டார்கள். மாத்து டூட்டி என்றால் இன்றைக்கு வேலை செய்கிற பிள்ளைகளுக்கு என்னவென்று தெரியாது. பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள், லீவெல்லாம் கம்ப்யூட்டரில் வருகிறது. மதரசா மாடிக்குமேல் இன்னொரு மாடி கட்டிவிட்டார்கள். இந்த வருஷம் பிறைச் செய்தி எல்லோருடைய போனிலும் வந்தது, ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை.

பெருநாள் கழித்து காதர் மாமாவைப் பார்க்கப் போனேன். வயதாகிவிட்டது, கால் வீங்கியிருக்கிறது. அவரிடம்தான் முதலில் சொன்னேன். "அடிப்போடி, அதெல்லாம் இன்னும் மனசுல வெச்சுக்கினு கீறியா" என்று சிரித்தார். சிரித்துவிட்டு மகனைக் கூப்பிட்டு அஜ்ரத்தின் நம்பரை என் போனில் போடச் சொன்னார்.

பத்து நாள் அந்த நம்பரை எடுப்பேன், வைப்பேன். அவருக்குக் காது கேட்காமல் இருந்தால். அவர் கோபப்பட்டால். கோபப்படாவிட்டால். ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு, கேன்டீன் சமையலறையில் நின்றபடியே அழுத்திவிட்டேன்.

குரல் மெலிந்திருந்தது. யார் என்று சொன்னேன், நைனா பெயரைச் சொன்னேன், மாடியைச் சொன்னேன்.

"கேட்டாண்ட தொழுதது நல்லா ஞாபகம் இருக்குது. மாடில நெறய கொயந்தைங்க இருந்தாங்க. நீ யாருன்னு தெரியலயே பேட்டா" என்றார்.

இத்தனை வருஷம் நான் அவர் முன்னால் நின்றுகொண்டே இருந்ததாக நினைத்திருந்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. வைத்துவிடலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை.

"அன்னிக்கு நான் பாத்தேன் அஜ்ரத்து. பயத்துல தெரியலன்னு சொல்லிட்டேன்."

அவர் கேட்டார், இன்னும் நேரம் இருக்கிறது என்பது போல, கொஞ்சம் அவசரமாகவே:

"எந்தப் பக்கம்?"

ஈரக் கையைத் தூக்கி, அடுப்புக்கு மேலே இருந்த கரிபிடித்த சுவரைப் பார்த்து நீட்டினேன். அவருக்கு அது தெரியாது என்பது கை வலிக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. கையை இறக்காமலே சொன்னேன்.

"கூண்டுக்கு இடது பக்கம், அஜ்ரத்து. ரெண்டு வெரல் மேல."