சோணையம்மாளின் முடிவுரை

அது எழுபத்தெட்டாம் வருடம். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இருந்த சோணையம்மாள், அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் எழுதியிருந்தாள். தேறினால் வேலை நிரந்தரம். ஆனால் ரிசல்ட்டை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஒப்பிலக்கியத் தாளில் பல பேருடைய முன்னுரையும் முடிவுரையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தனவாம். காப்பி என்று சந்தேகம்.

காப்பியாவது, கத்தரிக்காயாவது. எல்லாம் கோச்சடையில் டுட்டோரியல் நடத்திய நல்லகாமன் செய்த கைங்கரியம். எந்த நாட்டு இலக்கியத்தை எதனோடு ஒப்பிடச் சொன்னாலும், "மண் வேறு, மனம் ஒன்று" என்று தொடங்கி, "ஆகவே இரண்டும் ஒன்றே" என்று முடிக்க எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்து வைத்திருந்தார் மனிதர். நடுவில் என்ன எழுதுவது என்பது எழுதுகிறவர்கள் பாடு.

விசாரணைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். வாசலில் நல்லகாமன் அவள் காதைக் கடித்தார். "ஒரு சொல்லு மாத்தீராதம்மா. மனப்பாடந்தான்னு அவுகளுக்குத் தெரியணும். மாத்துனா, பரீட்சையில காப்பியடிச்சதுதான்னு முடிவு கட்டிருவாக."

உள்ளே மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"தாலாட்டு, ஒப்பாரி. ரெண்டையும் ஒப்பிட்டு முன்னுரையும் முடிவுரையும் மட்டும் எழுதும்மா."

உலகத்தில் வேறு தலைப்பே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? சோணையம்மாள் முன்னுரையை மனப்பாடமாக எழுதினாள். எட்டிப் பார்த்தவர் முகம் இளகியது. பரீட்சைத் தாளில் இருந்த அதே வரிகள். முடிவுரையையும் அப்படியே எழுதிவிட்டால் வேலை கைக்கு வந்த மாதிரிதான். "ஆகவே இரண்டும்" என்று எழுதியவளுக்கு அடுத்த சொல்லுக்குக் கை வரவில்லை. அதை அடித்துவிட்டு எழுதினாள்.

"தாலாட்டைக் கேட்கும் பிள்ளை தூங்கும், பிறகு எழும். ஒப்பாரி எந்தப் பிள்ளைக்காகப் பாடப்படுகிறதோ, அதற்கு அது கேட்காது. இரண்டும் ஒன்று என்று முடிக்க என்னால் இயலவில்லை."

பேராசிரியர் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "முன்னுரை ஒருத்தர் எழுதுனது, முடிவுரை வேற யாரோ எழுதுனது மாதிரி இருக்கே. இத யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

வேலை போயே போய்விட்டது என்றுதான் நினைத்தாள்.

"யாரும் சொல்லித் தரலங்கய்யா. போன தையில எம்மக தவறிப்போனா. ரெண்டும் அவளுக்கு நான் பாடுனதுதான்."

பேராசிரியர் தாளைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார்.

"இந்தப் பொண்ணு ரிசல்ட்ட வெளியிட்டுருவோம்."

அழுதுகொண்டே வெளியே வந்த சோணையம்மாளைப் பார்த்து, வேலை உறுதியான சந்தோஷம் என்றுதான் நல்லகாமன் நினைத்தார்.