அம்மா கட்டிய போர்வை

எங்கள் வீட்டைப் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை, பிள்ளைகளே. கம்பளைக்கு மேலே, மேட்டில் இருந்த சின்ன வீடு. ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து குசினிச் சுவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாங்கள் எல்லாரும் கோயிலில் இருந்ததால் தப்பினோம். சமைக்கும் இடத்தில் மிஞ்சியது அடுப்பும் சட்டி வைக்கும் தட்டும்தான். ரோட்டில் நின்றாலே உள்ளே எல்லாம் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் சனம் வரத் தொடங்கியது. கண்டியிலிருந்து வேன் பிடித்துக்கூட வந்தார்கள், கையில் கடலைச் சுருளோடு. அப்பா கிராம சேவகரைத் தேடிப் போயிருந்தார். ஆகவே நானே முன்னால் நின்று குச்சியால் காட்டினேன்.

"இதுதான் எங்க அடுப்பு. அந்தா, சட்டி விழவே இல்ல பாருங்க!"

"ஐயோ, ஆமா! தம்பி, சத்தம் பெருசா கேட்டுச்சா?"

கேட்டது என்றேன். கோயில் மேளத்தில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அதற்குள் அம்மா ஒரு போர்வையைக் கொண்டுவந்து, கயிறு கட்டி, திறந்த பக்கத்தை மறைத்துவிட்டார். எனக்கு வந்ததே எரிச்சல்! இவ்வளவு தூரம் வந்தவர்கள் எதைப் பார்ப்பார்கள்? நான் ஒதுக்கினேன். அம்மா இழுத்து மூடினார். மறுபடி ஒதுக்கினேன்.

"டேய், கைய எடுடா! இது என்ன பேராதனைப் பூங்காவா?" என்றவர் சனத்தின் பக்கம் திரும்பினார். "போங்க, போய் ஒங்க ஒங்க வீட்டுச் சட்டியப் பாருங்க!"

சனம் சிரித்தது. எனக்கு மானமே போனது. வீடு தேடி வந்தவர்களை இப்படியா விரட்டுவது?

பின்னேரம், எல்லாரும் போனபிறகு, திகனயிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். முக்காடு போட்டிருந்த அந்தப் பெண், "மகன், இங்கயா மண் சரிஞ்ச?" என்று கேட்டார்.

"வாங்க, நான் காட்டுறேன்" என்று போர்வையை முழுதாகத் தூக்கிப் பிடித்தேன்.

உள்ளே அம்மா, மண்ணோடு மண்ணாய்க் கிடந்த அரிசியைச் சுளகில் அள்ளிப்போட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் என்னை ஏசவில்லை. முந்தானையை இழுத்துச் சுளகை மூடினார்.

அந்தப் பெண் என் கையிலிருந்த போர்வையை வாங்கி மெல்லக் கீழே விட்டார். "போவம் வாங்க" என்று புருஷனைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அடுப்பைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை! திகனயிலிருந்து வந்தும் பார்க்கத் தெரியாத ஆட்கள் என்று வந்த கோபம், சோற்றுக்கு உட்காரும்வரை எனக்கு ஆறவில்லை. முதல் வாயிலேயே பல்லில் மணல் கடிபட்டது. அதற்கும் அம்மாவோடுதான் சண்டை பிடித்தேன்.