தெய்சோ அத்தானின் தொடைப் பட்டை

என் அத்தான் இசோகாய் தெய்சோவுக்கு எழுபத்தாறு வயது. ஹச்சியோஜி ரயில் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்று தரையில் உட்கார்ந்தார். அதன்பிறகு எழுவது என்பது ஒரு கை மேசையில், ஒரு கை சுவரில் என்று தினமும் நடக்கிற திருவிழாவாகிவிட்டது.

என் அக்கா இறந்து இரண்டு வருடம் முடியப்போகிற சமயம். நகோயாவிலிருந்து அவர் மகள் சனாயே தொலைபேசியில் தீர்ப்பு வாசித்தாள்.

"அம்மா திவசத்துல யார் கையையும் புடிக்காம தரையிலேந்து எழுந்திருச்சிட்டீங்கன்னா இந்த வீட்லயே இருங்கப்பா. இல்லன்னா என்னோட கெளம்புங்க. இங்க முதியோர் இல்லத்துல இடம் பாத்து வெச்சிட்டேன்."

அத்தான் மறுநாளே காட்சு என்கிற தசைப் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தார். துணைக்கு நான். தொடையின் மேல்பக்கம் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பார்கள். ரத்த ஓட்டம் மட்டுப்படும். அந்த நிலையில் சும்மா உட்கார்ந்து எழுந்தாலே, பெரிய மூட்டையைத் தூக்கிவிட்டதாகத் தசை ஏமாந்து வளருமாம். ஆயுள் முழுக்க ஒரு மேலதிகாரியைக்கூட ஏமாற்றாத மனிதர், கடைசியில் தன் தொடையை ஏமாற்றக் கிளம்பினார்.

"இறுக்கமா இருக்குங்களா ஐயா?" என்று கேட்டாள் பயிற்சி தரும் முரோயி அம்மாள்.

"பரவால்ல."

"இப்ப?"

"பரவால்ல."

கால் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தபோதும் பரவாயில்லைதான். வலிக்கிறது என்று சொன்னால் அந்த அம்மாளுக்குச் சங்கடமாகிவிடுமாம்! அவள் அவசரமாகக் காற்றை இறக்கினாள்.

"இனிமே உங்க வாயைக் கேக்க மாட்டேன். உங்க காலைத்தான் பாப்பேன்" என்றாள்.

முதல் நாள் பத்து தடவை எழுவதற்குள் கன்றுக்குட்டி மாதிரி நடுங்கினார். நான் சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டிருக்கும். வாரம் இரண்டு நாள், நான்கு மாதம். கடைசியில் முப்பது தடவை எழுந்தார்.

திவச நாள் வந்தது. இப்போதெல்லாம் புத்தர் கோயிலில் எல்லோருக்கும் நாற்காலி உண்டு. பிட்சுவுக்கே நாற்காலிதான். அத்தான் தன் நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு, பாயில் முழங்கால் மடித்து உட்கார்ந்தார். வந்தது வினை. வீட்டுப் பெரியவர் தரையில் இருக்கும்போது சின்னவர்கள் உயரத்தில் உட்காரலாமா? சனாயே நாற்காலியை ஆசையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு மண்டியிட்டாள். அவள் கணவனும் மண்டியிட்டான். வேறு வழியில்லாமல் நானும். பிட்சு மட்டும் சௌகரியமாகச் சாய்ந்து நாற்பது நிமிடம் ஓதினார். நேரம் போனதே தெரியவில்லை, அவருக்கு.

"கால் மரத்துப்போச்சாப்பா?" என்று சனாயே கிசுகிசுத்தாள்.

"இல்லியே. உனக்கு?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

ஒவ்வொருவராக எழுந்துபோய், இறந்தவருக்காகத் தணலில் ஊதுவத்தித் தூள் இடும் நேரம். முதலில் அத்தான். கால் விரல்களை ஊன்றினார், மூச்சு வாங்கினார், எந்தக் கையும் பிடிக்காமல் எழுந்தே விட்டார். போய்த் தூளை இட்டுக் கும்பிட்டுத் திரும்பினார்.

அடுத்து சனாயே. எழுந்துவிட்டதாக நினைத்தாள். கால் அப்படி நினைக்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தாள். பிடிக்கப்போன கணவன் அவளுக்கு முன்னால் விழுந்தான். அத்தான் குனிந்து மகளின் அக்குளில் கைகொடுத்து அப்படியே தூக்கி நிறுத்தினார்.

"சரிப்பா, நீங்க ஜெயிச்சுட்டீங்க. வீட்லயே இருங்க" என்று அவள் வெட்கத்தோடு சிரித்தாள்.

அவர் பிடியை விடவில்லை.

"உங்கம்மா குளியலறையில விழுந்தாளே, அன்னைக்கு என்னால தூக்க முடியலம்மா. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ஈரத் தரையிலயே கெடந்தா. குளிருது, குளிருதுன்னா. நான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன்."

சனாயே அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் அக்கா அப்படிக் கிடந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நான்கு மாதம் இந்த மனிதரின் நடுங்கும் காலைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அடுத்தவர் வரலாம் என்று பிட்சு என்னைப் பார்த்தார். நான் எழ முடியாமல் பாயிலேயே அழுதுகொண்டிருந்தேன்.