நீல வானத்தில் புள்ளி

முதலில் ஓர் அசட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஆடியில் மாரியம்மன் எனக்கு நேரில் காட்சி கொடுத்ததாகத் தெருவில் பதினோரு பேரிடம் சொன்னவன் நான். அவர்களில் மூன்று பேர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் தடுக்கவில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் படங்களின் நிறம் பார்ப்பது என் வேலை. நான் தலையாட்டினால்தான் மெஷின் ஓடும். அந்த ஆடியில், அம்மன் படத்தின் நீல வானம் முழுக்கப் பொடிப் புள்ளிகள் நெளிந்தன. மெஷினை நிறுத்திக் கழுவச் சொன்னேன். புள்ளி போகவில்லை. நான்கு முறை கழுவிய மெஷின்மேன் காளிராஜ், தாளை லென்ஸில் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணாச்சி, அங்கன சுவத்துலயும் புள்ளி தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப சுவத்தையும் கழுவிருவமா?"

சுவரில் மட்டுமல்ல. சோற்றில், வானத்தில், மூடிய கண்ணுக்குள்ளும் அதே புள்ளிகள்.

மறுநாள் தாளில் அம்மனின் பாதி முகம் காணாமல் போனது. அந்த இடத்தில் கம்பி மத்தாப்பு கொளுத்தியதுபோல, ரம்பப்பல் விளிம்போடு ஓர் ஒளிவளைவு. அது விரிந்து விரிந்து அரைமணிக்குள் மறைந்தது. பின்னாலேயே மண்டையைப் பிளக்கும் வலி, வாந்தி. அம்மன் வந்துபோன அலுப்பு என்று முடிவுகட்டினேன்.

மூன்றாவது முறை வந்தபோது பக்தி போய்ப் பயம் வந்தது. கண் டாக்டர், கண்ணில் ஒன்றுமே இல்லை என்றார். பயம் இரட்டிப்பானது. கண் போய்விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்வோம் என்று மகள் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன்.

"என்னப்பா, மூஞ்சில சோறு ஒட்டியிருக்கா?" என்றாள்.

அன்று கோயிலுக்குப் போய் அழுதேன். வெள்ளியில் கண்மலர் செய்து போடுவதாக நேர்ந்துகொண்டேன். "தாயே, காட்சியெல்லாம் வேண்டாம். கண்ணை மட்டும் விட்டுவை."

வெளியே கூழ் வரிசையில் நிற்கும்போதே மறுபடியும் மத்தாப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் நின்ற பெண் திரும்பி விசாரித்தார். கண் டாக்டரிடம் போய்வந்தது வரை சொன்னேன். அரசு ஆஸ்பத்திரி நர்ஸாம்.

"எனக்கும் இப்பிடித்தான் அண்ணாச்சி மின்னும். பெறகு ஒத்தத் தலைவலி வரும். கண்ணாஸ்பத்திரிக்கே நடந்துகிட்டு இருக்காதீக. நரம்பு டாக்டரப் பாருங்க."

வேண்டி முடித்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

மதுரை நரம்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். நாள் முழுக்க நெளியும் புள்ளிக்கு விஷுவல் ஸ்னோ என்று பெயர். வந்து வளர்ந்து போகும் மின்னல் ஒற்றைத் தலைவலியின் முன்னறிவிப்பு, ஆரா. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பலரிடம் சேர்ந்தே குடியிருக்கும். கண் நன்றாகவே இருக்கிறது. பார்த்ததை மூளை கையாளும் விதத்தில்தான் கோளாறு. இதனால் பார்வை போய்விடாது.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாத்திரையில் மின்னல் குறைந்துவிட்டது. புள்ளிகள் இன்னும் இருக்கின்றன, நானும் இருக்கிறேன். இப்போதெல்லாம் காளிராஜைக் கேட்காமல் மெஷினை நிறுத்துவதில்லை. காலைத் தொட்ட மூன்று பேரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பயத்தில் இருப்பவர்களே, அம்மனிடம் மனம்விட்டுக் கேளுங்கள். பதில் கூழ்ச்செம்போடு உங்களுக்கு முன்னால் நின்றாலும் நிற்கும்.

கண்மலர் சாத்திவிட்டு வந்து காளிராஜிடம் எல்லாவற்றையும் உருக்கமாகச் சொன்னேன். மையைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், துணியை மெஷின்மேல் போட்டார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு, மண்டையிலதான் கோளாறுன்னு டாக்டர் சொல்லிட்டாருல்ல? அப்ப வெள்ளியில மண்டையத்தான அண்ணாச்சி செஞ்சு போட்டிருக்கணும்!"