வருடத்தில் பதினைந்து நாள் வரும் முதலாளி

துபாயில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் முனியசாமி. நான் மதுரைக்குத் திரும்பிய பிறகு ஒரு பெரும் பணக்காரரின் சொகுசுப் படகில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தான். ஆறு வருடம் ஓடிவிட்டது. போன தை மாதம் விடுப்பில் ஊருக்கு வந்தவன் என்னைப் போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, மொதலாளி இதவிடப் பெரிய கப்பலு வாங்கிருக்காக. மேனேசரு என்னையக் கூப்பிடுறாரு. எம்பொண்டாட்டி ஜோதிதான் போகக் கூடாதுங்கா. நீங்க வந்து எடுத்துச் சொல்லுங்க."

மறுநாள் சனிக்கிழமை. மாட்டுத்தாவணியில் காலை 6.40க்குப் பேருந்து; ஐம்பது கிலோமீட்டர், 45 ரூபாய், 8.10க்கு அருப்புக்கோட்டை. (நிலையத்துக்கு எதிரே உளுந்த வடை அருமை, சட்னியை நம்பாதீர்கள்.) அங்கிருந்து திருச்சுழி அரை மணி நேரம். பிறகு நரிக்குடி சாலையில் அவன் ஊருக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். இரு பக்கமும் கருவேலம், இடையிடையே பருத்தி.

"கப்பல்காரரு வீடா? அவுகளுக்கென்ன சார், ராசா மாதிரி இருக்காக. போட்டோ பாத்துருக்கேன்" என்றார் ஓட்டுநர்.

அந்தப் படங்களை நானும் பார்த்துப் பொறாமைப்பட்டவன்தான். மேல்தளம், நீச்சல் குளம், ஹெலிகாப்டர் இறங்கும் வட்டம். அவன் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு முனியசாமி எல்லாவற்றையும் போனில் மறுபடி காட்டினான்.

"இம்புட்டுப் பெருசுல எத்தன பேரு இருக்காக?" ஜோதி கேட்டாள்.

"அவுக ஒருத்தரு. வருசத்துல பதினஞ்சு நாளு வருவாக. மத்த நாளெல்லாம் நாங்க இருவத்திரண்டு பேரு தொடச்சுக்கிட்டே இருப்போம். நல்ல மனுசன், கோவமே வராது. எம்பேருதான் தெரியாது."

"நீங்க எங்க படுப்பீக?"

அவன் போனை அணைத்தான். "அடித்தட்டுல. தண்ணிக்குக் கீழ. ஒரு ரூம்புல நாலு பேரு, சன்னல் கெடையாது."

"போட்டோவெல்லாம் மேல நின்னுல்ல அனுப்புனீக?"

"தொடைக்கப் போறப்ப எடுத்தது."

 ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவுகளுக்குத் தொடைக்க ஆயிரம் பேரு கெடைப்பாக. எனக்கு நீங்க ஒருத்தருதான்."

எடுத்துச் சொல்லப் போன நான் பையை எடுத்துக்கொண்டு மாலைப் பேருந்துக்குக் கிளம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் சேர்ந்துவிட்டதாகப் போனில் சொன்னான். படகில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குதான் சம்பளம். அவன் மகளின் கல்லூரிச் செலவுக்கு என்ன செய்வது என்ற கவலை அப்படியே இருக்கிறது. ஒருவர் பதினைந்து நாள் இருக்கும் இடத்துக்காக இத்தனை பேர் வருடமெல்லாம் வீட்டைப் பிரிந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இந்தப் பக்கம் போகிறவர்கள் தை, மாசியில் போங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். மாலை ஐந்துக்குள் திருச்சுழி திரும்பிவிடுங்கள். படகு வேலைக்கு அழைப்பு வந்திருந்தால், சம்பளத்தோடு படுக்கும் இடத்தையும் விசாரியுங்கள். கூச்சமாக இருந்தால் வீட்டுக்காரியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.