ஏழு வீட்டு மடிப்பிச்சை

கடற்கரையில் கல் பதித்து நடைபாதை போட்ட பிறகுதான் நான் அங்கே பனையோலைப் பெட்டி விற்கத் தொடங்கினேன். வியாபாரத்துக்கு என் இடம் நல்ல இடமில்லை. பஸ்கள் வந்து நிற்கும் பக்கத்திலிருந்து தள்ளி, ஆட்கள் நடந்து களைத்துத் திரும்பிப் போகும் இடம். பக்கத்தில் சிப்பி மாலை விற்கும் என் மச்சாள், என் புருசனின் தங்கச்சி, ஒவ்வொரு நாளும் சொல்வாள்.

“முன்னுக்கு வந்து குந்தன் கா. அந்தக் கிணத்துக் கொட்டக் கட்டிப் பிடிச்சிட்டு இருந்தா ஆரு வாங்குவான்?”

அவள் சொன்னது உண்மைதான். மண் போட்டு நிரப்பிய ஒரு கிணற்றின் கொட்டு அங்கே ஒரு சாண் உயரத்துக்கு வெளியே தெரியும். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் இருப்பேன். அது எங்கள் கிணறு. கடல் வந்த அன்று வீடு போனது, வேலி போனது, கிணறு மட்டும் போகவில்லை. நடைபாதை போடும்போது எங்கள் ஒழுங்கைக்கு, அந்தக் குறுகிய தெருவுக்கு, மேலேதான் போட்டார்கள். கிணறுகள் இல்லாவிட்டால் எந்த வீடு எங்கே இருந்தது என்று எனக்கே தெரிந்திராது.

விடியப்புறம் எழும்பிக் குளித்து, சாமித்தட்டில் விளக்கு வைத்துவிட்டு ஓலையோடு குந்துவேன். காய்ந்த குருத்தோலையில் ஈர்க்கை எடுத்து, ஒரே அளவாக வார்ந்து, சிவப்பும் பச்சையும் சாயம் காய்ச்சித் தோய்த்து, நிழலில் உலர்த்தி, பிறகு இழைக்க வேண்டும். ஓலை விளிம்பு கத்தி மாதிரி. விரல் நுனியில் வெட்டாத இடமில்லை. இவ்வளவும் செய்து கொண்டுபோய் வைத்தால், உப்புக் காற்றில் மத்தியானத்துக்குள் பெட்டியின் விறைப்புப் போய்விடும். சண்டை முடிந்து பாதை திறந்ததில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்து, மணந்து பார்த்து, “கீயத?” என்று விலை கேட்பார்கள். நான் விரலைக் காட்டுவேன். சிலர் வாங்குவார்கள். கனபேர் வைத்துவிட்டுப் போவார்கள். பொழுதுபடும்போது இடுப்பை நிமிர்த்த முடியாது.

களைப்புக்கு அது மட்டும் காரணமில்லை. எனக்கு ஒரு நேர்த்தி இருந்தது. அதை முடிக்க முடியாமல் கிடந்தேன்.

கடல் வந்த காலையில் என் மகளுக்கு நாலு வயது. என் புருசன் வாவிப்பக்கம் தோணியில் போயிருந்தார். நானும் அவளும்தான் வீட்டில். தண்ணீர் எங்களைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு பூவரச மரத்தில் அடித்தது. ஒரு கையால் கொப்பையும் மற்றக் கையால் அவளையும் பிடித்திருந்தேன். அவள் தலை தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது. அப்போது என் வாயில் வந்தது இதுதான்.

“அம்மாளே, இந்தப் பிள்ளையத் தா. நம்மட ஒழுங்கையில ஏழு வீட்டிலயும் மடிப்பிச்சை எடுத்து உன்ட வாசல்ல கொண்டுவந்து கொட்டுறன்.”

எங்கள் கண்ணகை அம்மன் கோயிலில் அப்படி நேர்ந்துகொள்வது வழக்கம். மஞ்சள் தோய்த்த சீலை உடுத்து, முந்தானையை மடியாக ஏந்தி, வீடு வீடாகப் போய் நிற்க வேண்டும். தருவது எதுவானாலும் மறுக்கக் கூடாது. சேர்ந்ததைக் கோயிலில் கொடுத்தால் அம்மாளின் பொங்கல் பானைக்குப் போகும். பொங்கல் என்று நேர்ந்திருக்கலாம், வெள்ளிக் கண்மடல் என்று நேர்ந்திருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் ஒழுங்கைதான் வாயில் வந்தது. எங்கள் வீட்டைத் தவிர ஏழு வீடு.

நான் அதைச் சொன்ன நேரத்தில் அந்த ஏழு வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு அது தெரியாது.

பிள்ளையைத் தந்தாள். ஆனால் அந்தத் தண்ணீர் குடித்த நாளிலிருந்து அவளுக்குத் தொய்வு. மாரி காலத்தில் நெஞ்சு இழுத்து, கண் பிதுங்கி, மூச்சுக்கு அலைவாள். ஆஸ்பத்திரியில் உறிஞ்சுவதற்கு மருந்து கொடுத்தார்கள், பனிக்குள் விட வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொல்வது சரியாக இருக்கும். ஆனால் அவள் நெஞ்சு இழுக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏழு வீடுதான் ஞாபகம் வரும். அம்மாளைக் கும்பிட்டாலும் முகத்தைப் பார்த்துக் கும்பிட மாட்டேன். காலைப் பார்ப்பேன்.

கோயிலும் அலையில் உடைந்துபோனது. பிறகு சண்டை. அது முடிந்து கோயிலைத் திரும்பக் கட்டி, வைகாசியில் கதவு திறந்து, அம்மாளைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கப்போகிறது என்று அறிவித்தபோது என் மகளுக்குப் பதினொரு வயது. எனக்குச் சந்தோசத்தைவிடப் பயம்தான் வந்தது. இனிச் சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஏழில் ஒரு குடும்பம் தன்னாமுனைப் பக்கம் வீட்டுத் திட்டத்தில் இருந்தது. அங்கே போனேன். அந்த வீட்டுக்காரி சுளகில் அரிசியை அள்ளிக்கொண்டு வந்தவள், என் மடியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“நான் தருவன் புள்ள. ஆனா அந்த வீடு வேற, இது வேற. நீ அந்த வீட்டுக்கெல்லோ நேர்ந்தாய்.”

இன்னும் இரண்டு வீட்டுக்காரர் எங்கே என்று ஆருக்கும் தெரியவில்லை. மற்ற நாலு வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. பூசை செய்யும் கப்புகனாரிடம் போய் அழுதேன்.

“ஏழு எண்டு சொன்னா ஏழுதான் புள்ள. எனக்கு வேற வழி தெரியா. அம்மாளிட்டயே கேள்.”

அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. மச்சாள்தான் சொன்னாள். அதுவும் கோபத்தில் சொன்னாள். கதவு திறந்து மூன்றாம் நாள். நான் பெட்டியை முன்னால் வைத்துவிட்டு, விலை கேட்டவருக்கு விரலைக்கூடக் காட்டாமல் இருந்தேன்.

“என்ன கா பேயடிச்ச மாதிரி? நாள் முழுக்க அந்த ஏழு வீட்டு முத்தத்திலதானே எல்லாரும் குந்தி வியாபாரம் பண்றம். அந்தா, கச்சான்கார நானா வறுக்கிறது கோடிக் காணிக்காரிட கிணத்தடியில. நான் குந்தியிருக்கிறது வாத்தியார்ர கிணத்தடியில. ஒருநாளைக்கு எழும்பி மடிய ஏந்திக் கேட்டா என்ன, கால் தேஞ்சிருமா?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் சிப்பி கோத்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னது என்ன என்று அவளுக்கே தெரியாது. நான் எழும்பிக் கிணறுகளை எண்ணிக்கொண்டு நடந்தேன். எங்கள் கிணற்றை விட்டு ஆறு கிடைத்தது. ஏழாவது, நடைபாதை முடியும் இடத்தில், இராணுவக் காவற்கொட்டிலின் முட்கம்பி வேலிக்கு உள்ளே இருந்தது. அந்தக் கொட்டிலை நாங்கள் தலையைக் குனிந்துகொண்டுதான் தாண்டிப் போவோம்.

குளிர்த்தி அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. வருசத்தில் நல்லாக விற்கும் நாள். பெட்டிகளை மச்சாளிடம் விட்டுவிட்டு, மஞ்சள் சீலையோடு மகளைக் கூட்டிக்கொண்டு நடைபாதையில் இறங்கினேன். ஆட்கள் விலகி விலகிப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது.

முதலில் கச்சான் கடலை விற்கிறவரிடம் போனேன். காத்தான்குடி முஸ்லிம் ஆள், அண்ணன் முறையில் நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். விசயத்தைச் சொன்னதும் அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“ஐயோ தங்கச்சி, நான் தரலாமா? உங்கட அம்மாள் கோவிக்க மாட்டாவா?”

“கோவிக்கிறதெண்டா என்னோடதான் கோவிப்பா. நீங்க போடுங்க நானா.”

வறுத்ததைத் தொடவில்லை. சாக்கை அவிழ்த்துப் பச்சைக் கச்சானை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்.

மச்சாளிடம் வந்து நின்றேன். “சிப்பி இருக்கு, வேணுமா?” என்று சிரித்தவள், சீலைத் தலைப்பை அவிழ்த்து முடிந்து வைத்திருந்த அரிசியைக் கொட்டினாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மூன்றாவது கிணற்றடி இறால் வடை வண்டிக்காரர் என்னைக் கண்டதும் கையைக் காட்டி மறித்தார். “கிட்ட வராத புள்ள, இறால் கிடக்கு, தீட்டாப் போயிரும்.” வண்டிக்கு அடியில் குனிந்து, இறால் படாத டின் என்று சத்தியம் பண்ணி, பருப்பு எடுத்துத் தந்தார். நாலாவது கிணற்றடி ஐஸ்கிறீம் வான்காரப் பொடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோன் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுவிட்டுக் கும்பிட்டான்.

அடுத்த கிணற்றுக்கு மேல் ஆட்கள் இருக்கச் சீமெந்து வாங்கு போட்டிருந்தார்கள். தெற்கிலிருந்து வந்த ஒரு அம்மா பிள்ளைகளுக்குச் சோற்றுப் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தா. என்னைப் பார்த்தா, மடியைப் பார்த்தா, பையைத் திறந்து ஒரு குத்திக்காசை எடுத்துப் போட்டா. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. மறுக்கக் கூடாது. என்னைப் பிச்சைக்காரி என்று நினைத்திருப்பா. அன்றைக்கு நான் பிச்சைக்காரிதான்.

ஆறாவது கிணற்றடியில் ஒருவரும் இல்லை. அடம்பன் கொடி மூடிக் கிடந்தது. ஒருவரும் இல்லாத வீட்டில் ஆரிடம் ஏந்துவது? வெயிலில் அப்படியே நின்றேன். மகள் குனிந்து ஒரு அடம்பன் பூவைப் பறித்தாள்.

“அம்மா, நான் போடட்டா? இந்த வீட்டுப் பிள்ளை என்னோட விளையாடினவதானே.”

அவளுக்கு அது நினைவிருக்கிறதா, நான் சொல்லிக் கேட்டதா தெரியாது. போட்டாள்.

பிறகு காவற்கொட்டில். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று மடியை ஏந்தினேன். மடியிலிருந்து கச்சான் இரண்டு கீழே விழுந்தது. உள்ளே துவக்கோடு நின்றவன் ஏதோ கேட்டான். எனக்கு அவன் பாசை விளங்கவில்லை. போகச் சொல்கிறான் என்று நினைத்தேன். கால் திரும்பிவிட்டது. திரும்பினால் மகள் நிற்கிறாள், வெயிலில் நடந்ததில் நெஞ்சு ஏறி இறங்குகிறது. நான் திரும்பவும் கம்பிப் பக்கம் திரும்பினேன்.

பின்னால் நானாவின் குரல் கேட்டது. கச்சானை அடுப்பில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். சிங்களத்தில் என்னவோ சொன்னார். “பத்தினி தெய்யோ” என்றது மட்டும் எனக்கு விளங்கியது. நாங்கள் கும்பிடும் அம்மாளை அவர்கள் அந்தப் பேரில் கும்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு மற்றவனிடம் துவக்கைக் கொடுத்தான்.

“என்னவாம் நானா?”

“அவன்ட ஊர்லயும் கோயில் இருக்காம். கை கழுவிட்டு வாறானாம். நில்லு.”

கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீர் அள்ளிக் கை கழுவினான். அந்தக் கிணற்றை அவர்கள் நிரப்பவில்லை, இறைத்துத் துப்பரவாக வைத்திருந்தார்கள். அது ஏழாவது வீட்டுக்காரியின் கிணறு. ஒழுங்கையில் நல்ல தண்ணீர் அங்கேதான். எல்லோரும் குடம் கொண்டுபோவோம். கறிவேப்பிலையும் கேட்காமலே முறித்துத் தருவாள். அவளும் இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில் போனார்கள்.

கோப்பை நிறையச் சிவப்பரிசி கொண்டுவந்து கம்பிக்கு மேலால் சரித்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு அவன்மேல் பாசமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அரிசி விழும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். மடி கனத்தது.

கோயிலில் கப்புகனார் மடிக்குள் எட்டிப் பார்த்தார்.

“இதென்ன புள்ள, கச்சான், காசு, பிஸ்கட்டு…”

“ஏழு வீட்டிலயும் தந்தது ஐயா. நம்மட ஒழுங்கையிலதான் எடுத்தன்.”

எந்தெந்த வீடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். காவற்கொட்டில் என்றபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு காசை உண்டியலில் போட்டார், பூவை அம்மாளின் காலடியில் வைத்தார், அரிசியையும் பருப்பையும் பிஸ்கட்டுத் தூளையும் ஓலைப்பெட்டியில் வாங்கினார். கச்சானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இதையும் பானையில போடவா?”

“போடுங்க ஐயா. அதுவும் ஒரு வீடு.”

அவர் கோது உடைத்துப் போட்டார். குளிர்த்தித் தண்ணீர் தெளிக்கும்போது மகளை முன்னால் தள்ளிவிட்டேன். அவளுக்கு முகமெல்லாம் தண்ணீர், சிரித்தாள். மறுநாள் மச்சாள் நடைபாதை முழுக்கக் கேட்கச் சொன்னாள், “நானா, அம்மாள் உங்கட கச்சான் தின்னுட்டா. இனி நாங்க வாங்கினா காசு கேக்காதீங்க.” நானாவுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை.

அந்த மாரியிலும் மகளுக்குத் தொய்வு வந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மூன்று நாள் புளியந்தீவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அவள் மருந்தை உறிஞ்சிக்கொண்டு படுத்திருக்க, நான் கட்டிலோரம் இருந்து அம்மாளோடு கதைத்தேன். முந்தி மாதிரிக் காலைப் பார்த்து இல்லை. நான் சொன்னதைச் செய்துவிட்டேன், இனி நீ பிள்ளையைப் பார், என்று நேரே முகத்தைப் பார்த்துக் கேட்டேன். கொஞ்சம் ஏசியும் விட்டேன்.

வீட்டுக்கு வந்த அடுத்தநாள் திரும்பவும் போய்க் கிணற்றில் சாய்ந்து குந்தினேன். மழை இருட்டில் ஒருவரும் வரவில்லை. பெட்டியெல்லாம் ஈரப்பதத்தில் தொங்கிப்போய்க் கிடந்தது.