குலுங்காமல் போன புட்டி

அந்த ஆய்வகத்து டிரைவருக்கு ஆமை என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவருடைய அக்காதான். பின்னே? வேகத்தடையைக் கண்டால் மரியாதையாக நின்று, ஏறி, இறங்கி, அப்புறம்தான் போவார் மனுஷன். "இதுக்கு நான் இறங்கி நடந்தே போயிடுவேன்டா!" என்று பின்சீட்டிலிருந்து அக்கா கத்தாத பயணமே கிடையாது.

அந்த அக்காவின் குதிகாலில்தான் சர்க்கரைப் புண் ஐந்து மாதமாக ஆறாமல் கிடந்தது. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், இல்லையென்றால் பாதத்தை எடுத்துவிட வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, தம்பி வேலை பார்த்த இடத்துப் பட்டு மருந்து. பட்டுக்கூட்டை வேகவைத்துப் புரதத்தைக் கரைத்தெடுப்பார்கள். கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களில் மருந்தை அடைத்து அதில் கலப்பார்கள். புண்மேல் ஊற்றினால் அது மெல்லிய தோலாக உறைந்து, நாள்கணக்கில் மருந்தைக் கசியவிடும். சோதனைக்கு அக்காவும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

ஆனால் புண்மேல் உறைய வேண்டியது புட்டியிலேயே உறைந்து தொலைத்தது. இரண்டு முறை அனுப்பி, இரண்டு முறையும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் ஜெல்லி. சூடு கூடிவிட்டதா, உப்பு மிஞ்சிவிட்டதா என்று ஆய்வக மேடம் தலையைப் பிய்த்துக்கொண்டார். இப்போது மூன்றாவது புட்டி. இதுவும் போனால் அடுத்தது தயாராக ஒன்றரை மாதம் ஆகும்.

மேடம் அதைப் பச்சைப்பிள்ளையைப் போல ஏந்தி வந்து, வழக்கம்போல் வாசலில் வந்து நின்ற பைக் கூரியர்காரரிடம் நீட்டினார். டிரைவருக்குச் சுருக்கென்றது.

"மேடம், ஒரு நிமிஷம். உள்ள யாராவது இத குலுக்குனா அந்தத் திட்டு திட்டுவீங்களே, ஏன்?"

"குலுக்குனா உறைஞ்சிடும்ல..."

சொல்லி முடிப்பதற்குள் மேடத்தின் பார்வை பைக்குக்கும், ரோட்டுப் பள்ளங்களுக்கும் போனது. நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ! இத்தனை படிச்சும் இது தோணலையே!"

"இங்க குடுங்க மேடம். குலுங்காம ஓட்டுறேன்னுதானே ஊரே என்னைத் திட்டுது!"

அரை மணி நேர வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். பின்சீட்டில் மேடம், மடியில் ஐஸ் பெட்டி. "தூங்கிட்டா ஓட்டுற?" என்று ஒரு லாரிக்காரர் கத்திவிட்டுப் போனார். டிரைவருக்குக் கோபமே வரவில்லை, உள்ளுக்குள் ஒரே குதூகலம். வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய வேகம் சரியான வேகமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் புட்டியைச் சாய்த்தார். தண்ணீராக ஓடியது! மேடம் துள்ளிக் குதித்தார்.

மருந்தை ஊற்றிய அடுத்தடுத்த வாரங்களில் புண்ணின் வெளுத்த ஓரம் ரத்தம் ஓடிச் சிவந்தது, புதுச் சதை பிடித்தது. பாதத்தை எடுக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒருநாள் கட்டுப் பிரித்து, புதுச் செருப்பு மாட்டி, அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு டிரைவர் கிளம்பினார். தெருமுனை தாண்டவில்லை, அதற்குள் பின்சீட்டில் ஆரம்பித்துவிட்டாள்.

"டேய் ஆமை, நிறுத்துடா வண்டிய. நான் நடந்தே போயிடுறேன்."

நிறுத்தினார். அக்கா இறங்கினாள். நிஜமாகவே நடந்தாள்.